ஆறு கட்டாயம்

அத்தியாயம் பதினான்கு

சூளைக்குள் நான்கு பற்கள் வெந்துகொண்டிருந்தன.

இன்னும் எட்டு நிமிடம். முன்னதாகத் திறந்தால் பீங்கான் விரிசல் விடும், தாமதமாகத் திறந்தால் நிறம் செத்துப்போகும். அதனால்தான் சின்னவள் போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே செருகிக்கொண்டு, கண்ணைச் சூளையின் முள் மேலேயே வைத்து, கையிலிருந்த ஐந்தாவது பல்லின் ஓரத்தைத் தூரிகையால் நீவிக்கொண்டிருந்தாள். மறுமுனையில் ஜலதோஷம்.

ஜலதோஷம் என்றால் வியாதி இல்லை. பயண அலுவலகத்துப் பெண். மூன்று மாதமாக இந்தக் குடும்பத்தின் விடுமுறையை இழுத்தும் மடித்தும் உருவாக்கிக்கொண்டிருக்கும் பொறுமைசாலி. வெயிலோ மழையோ, குரல் மட்டும் மூக்கடைத்தே வரும். பெயர் வைத்தது அப்பா.

"அப்ப எல்லாம் முடிஞ்சுது மேடம். கடைசி நாலு நாளுக்கு அந்தப் பெரிய வீடு, ஆறு பேருக்கு. அஞ்சு மணிக்குள்ள நீங்க சரின்னு ஒரு வார்த்தை சொன்னா போதும்."

தூரிகை நின்றது.

"எத்தனை பேருக்கு?"

"ஆறு."

"நாங்க மூணு பேர்தானே?"

ஜலதோஷம் காகிதத்தைப் புரட்டும் சத்தம் கேட்டது. முதல் ஒன்பது நாளுக்கு மூன்று பேர் என்றுதான் இருக்கிறதாம். கடைசி நான்கு நாளுக்கு மட்டும் ஆறாம். கூட வேலை பார்க்கும் இன்னொரு பெண் நேற்றுதான் திருத்தினாளாம். பக்கத்தில் அவள் கையெழுத்தில் ஒரு குறிப்பும் இருக்கிறதாம். ஜலதோஷம் அதை எழுத்துக் கூட்டிப் படித்தாள்: "ஆறு. கட்டாயம். என்னைக் கேக்காம மாத்தக் கூடாது."

"யாரு சொன்னதாம்?"

உங்க வீட்டிலிருந்து என்பதற்கு மேல் எழுதவில்லை. எழுதியவள் பல் வைத்தியரைப் பார்க்கப் போயிருக்கிறாள், நாலரை மணிக்குத்தான் வருவாள்.

ஒருவேளை அவளுடைய பல்தான் இப்போது சூளையில் வேகிறதோ என்னவோ என்று சின்னவளுக்குத் தோன்றியது. அதற்குள் மூளையில் பொறி தட்டியது. ஆறு. அம்மா கேட்ட ஆறு!

சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பல் செய்யும் பட்டறையின் பக்கத்து மேசையில் தாடை அச்சை அரத்தால் ராவிக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

விஷயம் இதுதான். பதிமூன்று நாள் பயணம். இந்த வீட்டில் பதினைந்து வருடத்துக்குப் பிறகு வரும் முதல் விடுமுறை. ஆளுக்கொரு ஆசை என்று பேசி வைத்துப் பிரித்திருந்தார்கள். முதல் மூன்று நாள் ஒரு பெரிய நகரம். அது அப்பாவுக்கு. அங்கே ஒரு பழைய ஹோட்டலில் நூறு வயது தாண்டிய மர லிஃப்ட் இன்னும் ஓடுகிறதாம், உள்ளே உட்கார பெஞ்சு கூட உண்டாம். முப்பத்தெட்டு வருடமாக லிஃப்ட் பழுது பார்க்கிற மனிதர் விடுமுறையிலும் லிஃப்ட் பார்க்கத்தான் போகிறார். அடுத்த மூன்று நாள் ஒரு துறைமுக நகரம். அது சின்னவளுக்கு. டிராமில் ஏறி இறங்கவும், கப்பல்களைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்காரவும்.

அதற்கப்புறம் மூன்று நாள் திராட்சைத் தோட்டங்களும் ஒயின் ஆலைகளும் நிறைந்த பள்ளத்தாக்கு. அதைக் கேட்டது அம்மா. பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள், இருமல் மருந்தைக்கூட வண்டி எடுக்கும் நாளில் தொடாதவள், "திராட்சைத் தோட்டம் இல்லேன்னா நான் வரலை" என்று சென்ற வாரம் சாப்பாட்டு மேசையில் கரண்டியை வைத்துவிட்டுச் சொன்னாள். அப்பாவுக்குப் புரை ஏறிவிட்டது.

கடைசி நான்கு நாள் காடு. அதில் மூவருக்கும் ஒரே மனசு. கால் நட்டு உயர்த்திக் கட்டிய மர வீடுகள், வாசலில் ஒட்டகச்சிவிங்கி, தூரத்தில் நீர்யானை. அங்கேயும் அம்மா ஒரு நிபந்தனை போட்டாள். ஜன்னலைத் திறந்தால் ஆறு தெரியவேண்டும். மிருகங்கள் தண்ணீர் குடிக்க வருவதை நாற்காலியில் உட்கார்ந்தபடி பார்க்கவேண்டும்.

தண்ணீர் ஓடுகிற ஆறு. அதைத்தான் பயண அலுவலகத்தில் தலை எண்ணிக்கையாக்கி வைத்திருக்கிறார்கள்!

சரி, மூன்றாக மாற்றிவிடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தவளை ஜலதோஷம் தடுத்தாள். மூன்று பேர் என்றால் சின்ன வீடுதான். சின்ன வீடு காட்டைப் பார்த்தது. ஆற்றைப் பார்க்கும் வீடு ஒன்றே ஒன்று, அதை ஐந்து பேருக்குக் குறைந்தால் தரமாட்டார்கள். வேறொரு குடும்பம் அதற்காகக் காத்திருக்கிறது. எப்படியும் ஐந்து மணிக்கு முடிவு தெரியவேண்டும். பதிவு அப்பா பெயரில் இருப்பதால் ஐந்து அடித்ததும் முழுத் திட்டமும் அப்பாவின் போனுக்குப் போய்விடும்.

சின்னவளின் சிரிப்பு பாதியில் நின்றது அங்கேதான்.

அப்பா பார்ப்பார். ஆறு என்று பார்ப்பார். மூன்று போக மீதி மூன்று யார் என்று கணக்குப் போடுவார். அந்தக் கணக்குக்கு இந்த வீட்டில் ஒரே விடைதான் உண்டு.

பெரியவன், அவன் மனைவி, குழந்தை.

குழந்தை ஒன்று இருப்பதே அப்பாவுக்குத் தெரியாது.

சூளை மணி அடித்தது.

*

பஸ்கள் நிற்கும் கொட்டகையில் பகல் ஒரு மணிக்கு ஒரு தனி அமைதி உண்டு. காலை நடை முடிந்து, மாலை நடை தொடங்காத நேரம். இருபது பஸ்கள் வரிசையாகத் தூங்கின. ஏழாவதில் அம்மா, ஓட்டுநர் இருக்கையிலேயே சாப்பாட்டு டப்பாவை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள்.

சின்னவள் முதல் இருக்கையில் போய் விழுந்தாள். காலடியில் பிள்ளைகள் விட்டுப்போன பொருட்களுக்கான பெட்டி. ஒற்றைக் காலணி, மூன்று தண்ணீர் பாட்டில், உடைந்த அளவுகோல்.

அம்மா திரும்பிப் பேசமாட்டாள். இருபது வருடப் பழக்கம், தலைக்கு மேலிருக்கும் அகலக் கண்ணாடியில் பார்த்துத்தான் பேசுவாள். வீட்டிலும் சில சமயம், பேசுகிறவரை விட்டுவிட்டுச் சுவருக்கு மேலே எதையோ தேடுவாள்.

"இந்நேரத்துல எங்க வந்தே? யார் பல்லு கொட்டிப்போச்சு?"

சின்னவள் சொன்னாள். ஓடுகிற ஆறு ஆள் கணக்கில் ஆறான கதையை முழுவதும் சொன்னாள். அம்மா கரண்டியை டப்பாவில் போட்டுவிட்டு, ஸ்டியரிங்கில் நெற்றியை முட்டிக்கொண்டு சிரித்தாள். முட்டியதில் ஹாரன் அடித்தது. கொட்டகையின் மறுகோடியில் தூங்கிக்கொண்டிருந்த ஒருவர் எழுந்து திட்டினார். பிள்ளைகள் அவளுக்கு 'ஹாரனம்மா' என்று பெயர் வைத்திருப்பது சும்மா இல்லை.

"தண்ணி ஓடுற ஆறுதான் கேட்டேன். இந்த ஸ்டியரிங் மேல சத்தியமா. அந்தப் பொண்ணுக்கு என்ன காது அடைச்சுப்போச்சா?"

"மூக்கடைச்சவ வேற, இவ வேற. நீ எப்படிச் சொன்னே அவகிட்ட?"

"எப்படிச் சொல்றது? ஆறு இல்லேன்னா நான் வரவே மாட்டேன்னேன். பால்கனியில நின்னுக்கிட்டு. நல்லா கேக்கட்டும்னு கொஞ்சம் சத்தமாத்தான் சொன்னேன்."

அம்மாவின் கொஞ்சம் எவ்வளவு என்று சின்னவளுக்குத் தெரியும். நாற்பது பிள்ளைகளின் கூச்சலுக்கு மேலே ஏறிப் பழகிய குரல்.

சிரித்து ஓய்ந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். துடைத்த கை அப்படியே நின்றது. அவளுக்கும் கணக்கு வந்துவிட்டது.

"உங்கப்பா பார்த்துட்டா?"

"அதுக்குத்தான் ஓடி வந்தேன்."

"நாம ரெண்டு பேரும் சேர்ந்து அவர் முதுகுக்குப் பின்னால திட்டம் போட்டோம்னு நினைப்பார். ரத்து பண்ணிடுவார். எல்லாத்தையும் பண்ணிடுவார். அந்த மூணு நாளும் போயிடும்."

"எந்த மூணு நாள்?"

அம்மா கண்ணாடியை விட்டுப் பார்வையை எடுத்தாள். அது வழக்கமில்லாத காரியம்.

சின்னவள் விடவில்லை. காடு நான்கு நாள், நகரம் மூன்று, துறைமுகம் மூன்று. அப்படியானால் அம்மா நடுங்குவது எதற்காக? திராட்சைக்காகவா? வாழ்நாளில் ஒரு சொட்டு தொடாதவளுக்கு ஒயின் பள்ளத்தாக்கில் என்ன வேலை?

அம்மா கையை உயர்த்தி, வெயிலை மறைக்கும் பலகையைக் கீழே இறக்கினாள். அதன் பின்னால் ஒரு புகைப்படம் செருகியிருந்தது. இரண்டு வயதுப் பெண் குழந்தை. வாயெல்லாம் எதையோ அப்பிக்கொண்டு, முன்பற்கள் தெரியச் சிரித்தது. பின்னால் வரிசை வரிசையாகப் பச்சைக் கொடி.

சின்னவள் அந்தக் கொடிகளையே பார்த்தாள். பெரியவன் வெளியூரில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்கிறான் என்று மட்டும்தான் அவளுக்குத் தெரியும். பாட்டில் நிரப்பும் இயந்திரம் என்று ஒருமுறை சொன்னான். எதை நிரப்புகிறது என்று அவளும் கேட்டதில்லை, அவனும் சொன்னதில்லை.

"நாம தங்கப்போற அதே தோட்டத்துலயா?"

"அதேதான்."

"எமகாதகி நீ."

அம்மா மறுக்கவில்லை. பெரியவன் வீட்டை விட்டுப் போய் நான்கு வருடமாயிற்று. நடந்ததை இந்த வீட்டில் யாரும் மறக்கவில்லை. பெரியவனும் அப்பாவிடம்தான் தொழில் கற்றான். ஓர் ஆஸ்பத்திரியில் நோயாளிகளைப் படுக்கையோடு ஏற்றும் லிஃப்ட். எல்லா மாடியிலும் கதவு இடைவெளியை அளந்தாயிற்று என்று பெரியவன் கையெழுத்துப் போட்டான். மூன்றாம் மாடியில் அவன் அளக்கவேயில்லை. அப்பா போய் அளந்தார், ஒரு விரல் கூடுதலாக இருந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அப்பா அத்தனை ஆட்களுக்கு நடுவே அந்தக் கையெழுத்தைச் சிவப்பு மையால் அடித்தார். "பார்க்காம கையெழுத்துப் போடுறவன் என்கூட வேலை செய்ய வேண்டாம்" என்றார். அவன் கருவிப் பையை அங்கேயே வைத்துவிட்டு இறங்கிப் போனவன்தான். அதற்குப் பிறகு கல்யாணம் வெளியூரில் நடந்தது, குழந்தை வெளியூரில் பிறந்தது. அம்மாவும் தங்கையும் மட்டும் போனில் பேசிக்கொண்டார்கள். அவன் பேச்சை எடுத்தால் அப்பாவின் தட்டு பாதியில் நகர்த்தப்படும்.

"நான் என்ன பெருசா கேட்டேன்? ஒரே ஒரு மத்தியானம். சாப்பிட உட்கார்ந்திருக்கும்போது எதிர்ல பிள்ளையைத் தூக்கிக்கிட்டு அவன் வந்து நின்னா, உங்கப்பா எழுந்து போவாரா மாட்டாரா. அதை அங்க பார்த்துக்கலாம். இங்கயே தெரிஞ்சுட்டா அந்த மேசைக்கே வரமாட்டார்."

அவள் பலகையை மேலே தள்ளினாள். புகைப்படம் மறைந்தது.

"அந்தப் பொண்ணுகிட்ட மூணுன்னு மாத்தச் சொல்லு. நான் சொன்னதா சொல்லு."

"சின்ன வீட்டுலேர்ந்து ஆறு தெரியாதும்மா."

அம்மா டப்பாவை மூடி, ரப்பர் வளையத்தைப் போட்டாள். நீர்யானை என்ற சொல்லை அவள் கடந்த ஒரு மாதத்தில் எத்தனை முறை சொன்னாள் என்று சின்னவளுக்குத் தெரியும்.

"ஆறு போனா போகட்டும்" என்றாள் அம்மா, கண்ணாடியைப் பார்த்து. "பிள்ளையைப் பார்த்தா போதும்."

*

சின்னவள் தெருவுக்கு வந்ததுமே பயண அலுவலகத்துக்குப் போன் போட்டாள். ஜலதோஷம் கறாராக இருந்தாள். குறிப்பில் கேட்காமல் மாற்றக்கூடாது என்று இருக்கிறது, எழுதியவள் நாலரைக்கு வருவாள், வந்ததும் அவளே கூப்பிடுவாள். அதற்கு முன் கை வைத்தால் என் தலை உருளும் மேடம்.

அதுவரை செய்யக்கூடியது ஒன்றுதான். அப்பாவின் பக்கத்தில் இருப்பது. தப்பித்தவறி ஏதாவது முன்னதாக வந்துவிட்டால் போனைக் கைப்பற்றுவது.

பதினாறு மாடி அலுவலகக் கட்டடத்தில் இரண்டு லிஃப்ட். ஒன்றின் முன்னால் 'பழுது பார்க்கிறோம்' என்ற மஞ்சள் பலகை. மற்றதில் ஏறி உச்சிக்குப் போய், இரும்புப் படிகளில் ஏறினால் இயந்திர அறை. எண்ணெய் வாசனையும் வெதுவெதுப்பும். பெரிய சக்கரத்தில் கம்பி வடங்கள் பளபளவென்று ஓடின. அப்பா மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, ஒரு வடத்தின் மேல் துணியை வைத்து இழை பிரிந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"அடடே, அவசரம்! வேலை இல்லையா?"

வீட்டில் அவளுக்கு அதுதான் பெயர். பத்தாவது மாதம்வரை பொறுக்காமல் எட்டிலேயே பிறந்தவள் என்று அப்பா வைத்தது.

சீக்கிரம் முடிந்துவிட்டது, வீட்டுக்குச் சேர்ந்து போகலாம் என்று வந்தேன் என்றாள். பொய் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். ஆனால் அவர் இன்றைக்கு எதையும் துருவும் மனநிலையில் இல்லை. விசிலடித்துக்கொண்டிருந்தார். அப்பா விசிலடித்து அவள் கேட்டே பல நாளாயிற்று.

மர லிஃப்ட்டின் கதை மறுபடி தொடங்கியது. அதை ஓட்டுவதற்கென்றே சீருடை போட்ட ஆள் இருக்கிறாராம். அப்பா ஏற்கெனவே ஹோட்டலுக்கு ஒரு கடிதம் எழுதிப்போட்டுவிட்டாராம், மோட்டாரைப் பார்க்க அனுமதி கேட்டு. அனுமதி வந்தும்விட்டதாம். அறை எப்படி, சாப்பாடு எப்படி என்று கேட்கவில்லையா என்றாள் சின்னவள். அதெல்லாம் உங்கம்மா பார்த்துக்குவா என்றார்.

பேச்சைக் காதில் வாங்கியபடி சின்னவள் கண்ணால் போனைத் தேடினாள். கருவிப் பெட்டியின் மூடி மேல், பணிக் குறிப்பேட்டின் பக்கத்தில் இருந்தது. திரையில் புதிதாக ஒன்றுமில்லை. குறிப்பேடு திறந்திருந்தது. அப்பாவின் கட்டைப் பென்சில் எழுத்து:

கம்பிக்குக் கம்பி - 9? கைப்பிடி உயரம்? படியில் கீழ்க் கதவு உண்டா?

எந்தக் கட்டடத்து வம்போ என்று நினைத்துக்கொண்டாள். உலகத்தில் எல்லாவற்றுக்கும் இடைவெளி உண்டு, ஒவ்வொன்றையும் தானே அளந்தாக வேண்டும் என்பது அப்பாவின் வியாதி. கல்யாண வீட்டுப் பந்தலில்கூட டேப்பை எடுத்தவர்.

"இந்த நீர்யானை கரையேறி வீட்டுப் பக்கம் வருமாமே, உண்மையா?" என்றார் திடீரென்று.

"உயரமாத்தானே கட்டியிருக்காங்க. ஏறாது."

"அது ஏறாது. நாம இறங்காம இருக்கணும்ல" என்றார், ஏதோ யோசனையாக. பிறகு மணியைப் பார்த்தார். சும்மா நிற்பதற்குப் பதில் கீழே போய் ஐந்தாம் மாடியில் கதவைத் திறந்து பிடித்துக்கொள், நான் குரல் கொடுத்ததும் விடு என்று அவளை அனுப்பினார்.

அதனால்தான் மணி நாலு நாற்பத்தொன்றுக்கு போன் அடித்தபோது, சின்னவள் ஐந்தாம் மாடியில், தோளால் லிஃப்ட் கதவைத் தாங்கிக்கொண்டு நின்றிருந்தாள்.

"மேழம்" என்றது குரல். "நான்ழான் அந்தக் குழிப்பு எழுழினவ."

வாய் மரத்துப்போயிருக்கிறது. வேறொரு நாளாக இருந்தால் சின்னவள் எந்தப் பல், யார் வைத்தியர் என்று விசாரித்திருப்பாள். இன்று நேரே விஷயத்துக்குப் போனாள். எங்க அம்மா கேட்டது தண்ணி ஓடுற ஆறு, நீங்க அதை ஆளுங்கன்னு எழுதிட்டீங்க, மூணா மாத்திடுங்க.

அந்தப் பெண் மெல்ல, ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி, தெளிவாகச் சொன்னாள். ஊசி மருந்தின் குழறலைத் தவிர்த்துவிட்டால், அவள் சொன்னது இது.

"அம்மா பேசினது முந்தாநாள் மேடம். அவங்க தண்ணியைத்தான் சொன்னாங்க, அது எனக்குப் புரிஞ்சுது. நான் எழுதின குறிப்பு நேத்திக்குப் பேசினதை வெச்சு. நேத்திக்குப் பேசினது சார்."

"எந்த சார்?"

"உங்க அப்பா. ஆறு கட்டாயம்னாங்க. எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. ஆறுன்னா தண்ணியா சார், தலையான்னு கேட்டேன். தண்ணியான்னு தனக்குள்ளயே ஒரு தடவை சொல்லிக்கிட்டாங்க. அப்புறம், ரெண்டும்தாம்மான்னாங்க."

சின்னவளின் தோள் நழுவியது. கதவு மூட வந்து, அவள் மேல் பட்டுத் திரும்பித் திறந்தது.

"இன்னொண்ணும் கேட்டாங்க. அந்த வீட்டு வராந்தாவுல கம்பி அடிச்சிருக்கே, ஒரு கம்பிக்கும் அடுத்த கம்பிக்கும் எவ்வளவு இடைவெளின்னு. காட்டுக்குப் போன் போட்டு, அளந்து சொல்லச் சொல்லியிருக்கேன். ரெண்டு வயசுக் குழந்தையோட தலை உள்ள போகக் கூடாதாம்."

மேலே, லிஃப்ட் ஓடும் குழிக்குள்ளிருந்து அப்பாவின் குரல் எதிரொலித்து வந்தது. "விடலாம்!"

*

அவள் இயந்திர அறைக்குப் போனபோது அப்பா கைகளைப் பழந்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் விசில் நின்றது.

"போன் பண்ணிட்டாளா அந்தப் பொண்ணு?"

"பண்ணிட்டா."

அவர் ஒரு விரலைத் துடைத்து முடித்து அடுத்த விரலுக்குப் போனார்.

"உங்கம்மா பால்கனியில நின்னு கத்தினது தெருமுனை வரைக்கும் கேட்டுது. ஆறு இல்லேன்னா வரவே மாட்டேன்னா. நான் ஆளைச் சொல்றான்னு நினைச்சுட்டேன். மூணும் மூணும். என்கிட்ட நேரா கேக்க பயந்துக்கிட்டு ஊரான்கிட்ட கேக்கிறாளேன்னு இருந்துது. நேத்து அந்தப் பொண்ணு தண்ணியான்னு கேட்டப்பத்தான் எனக்கே உறைச்சுது."

"அப்பவே மாத்தியிருக்கலாமே?"

"இருக்கலாம். ஆனா ஒரு ராத்திரி முழுக்க ஆறு பேரா நினைச்சுப் பார்த்துட்டேன். மறுபடியும் மூணுக்கு வர மனசு வரலை."

சின்னவளின் போன் கையில் அதிர்ந்தது. அம்மா. மாலை நடைக்கு வண்டியைக் கிளப்பும் முன் அனுப்பியிருக்கிறாள். 'மூணா மாத்திட்டியா? அப்பாவுக்கு மூச்சுக் காட்டாதே.'

மணி நாலு ஐம்பத்திரண்டு.

"சரின்னு சொல்லிடு. நேரம் ஆகுது" என்றார் அப்பா.

அவள் ஜலதோஷத்தைக் கூப்பிட்டு, ஆறு பேர், ஆற்றைப் பார்த்த வீடு, சரி என்றாள். மறுமுனையில் நிம்மதியாக ஒரு தும்மல் கேட்டது. அம்மாவுக்கு என்ன பதில் அனுப்புவது என்று தெரியவில்லை. போனைப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

பெரியவனிடம் கேட்டாயிற்றா, வருகிறேன் என்றானா என்று விசாரித்தாள். இன்னும் இல்லை என்றார். அந்தப் பள்ளத்தாக்கில் என்ன இருக்கிறது என்று தெரியுமா என்றாள். அவர் வடத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார், உதட்டோரத்தில் மட்டும் ஒரு சிரிப்பு அசைந்தது.

இன்னும் ஒரு கேள்வி பாக்கி இருந்தது. அதைத்தான் அவள் ஐந்தாம் மாடியிலிருந்து சுமந்துகொண்டு வந்திருந்தாள்.

"அப்பா, குழந்தை இருக்குன்னு உங்களுக்கு யாரு சொன்னா?"

அப்பா துணியை மடித்து வைத்தார். கருவிப் பெட்டியின் மேலிருந்த போனை எடுத்து, நெற்றிக் கண்ணாடியை மூக்குக்கு இறக்கி, திரையில் பழைய செய்திகளை வெகுநேரம் தள்ளிக்கொண்டே போனார். பிறகு அவளிடம் நீட்டினார்.

தேதி எட்டு மாதத்துக்கு முந்தையது. பெயர் எதுவும் பதியாத எண். ஆனால் அந்த எண் சின்னவளுக்கு மனப்பாடம்.

'அப்பா, புது வீட்டு பால்கனி. பொண்ணு நடக்க ஆரம்பிச்சுட்டா. கம்பிக்குக் கம்பி பதினொரு சென்டி வருது. நாலு இடத்துல அளந்துட்டேன். போதுமா?'

கூடவே நான்கு படங்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு கம்பிகளுக்கு நடுவே நீட்டிப் பிடித்த டேப், எண் தெரிகிற மாதிரி.

அதற்கு அப்பாவின் பதில் ஒரே வரி. 'போதாது. ஒன்பது.'

மூன்று நாள் கழித்து இன்னொரு படம். கம்பிகளை நெருக்கி அடித்த பால்கனி. டேப் ஒன்பதில் நின்றது. அந்தக் கம்பிகளில் ஒன்றை ஒரு குட்டிக் கை இறுக்கிப் பிடித்திருந்தது. கீழே ஒரு சொல். 'சரிப்பா.'

அவ்வளவுதான். அதற்கு முன்னும் பின்னும் ஒன்றுமில்லை.

அப்பா கையை நீட்டிப் போனைத் திரும்ப வாங்கிக்கொண்டார். அணைக்காமல், அந்த நான்கு படங்களில் ஒன்றை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார்.

"நாலு இடத்துல அளந்திருக்கான்" என்றார்.